கறுப்பும் வெள்ளையும் தொட்டுக்கொள்ளும் ஓரம்

காஸிமிர் மாலேவிச்சின் ‘கறுப்புச் சதுரம்’ முழுக்கக் கறுப்பும் இல்லை, சரியான சதுரமும் இல்லை. 1915-இல் தீட்டப்பட்ட அந்த மூல ஓவியம் மாஸ்கோவின் திரெத்யாகோவ் கேலரியில் இருக்கிறது. கேன்வாஸின் அளவு 79.5 செ.மீ.க்கு 79.5 செ.மீ. உள்ளே இருக்கும் கறுப்பு வடிவத்தின் பக்கங்கள் சட்டத்துக்கு இணையாக ஓடவில்லை. லேசாகக் கோணிக்கொண்டு நிற்கின்றன. கறுப்பின் மேல் நூறாண்டுக்கால வெடிப்புகள் வலை போலப் படர்ந்திருக்கின்றன. அந்த இடுக்குகளில் உற்றுப் பார்த்தால் அங்கங்கே வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கும். 2015-இல் அந்த அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, கறுப்புக்குக் கீழே முன்னரே தீட்டப்பட்ட இரண்டு வண்ண ஓவியங்கள் புதைந்துகிடப்பது தெரிந்தது.

புத்தகத்திலும் கைபேசியிலும் பார்த்தவர்களுக்கு அது ஒரு கறுப்புக் கட்டம், அவ்வளவுதான். உண்மையில் அது ஒருவர் கையால் இழுத்து இழுத்துத் தீட்டிய பரப்பு. சுற்றியுள்ள வெள்ளையும் வெறும் கேன்வாஸ் கிடையாது. அதுவும் பிரஷ்ஷால் பூசப்பட்டது, அதற்கும் தடமும் தடிமனும் உண்டு. கறுப்பு ஓடிவந்து வெள்ளையின் முன்னால் நிற்கும் இடத்தில், அந்தக் கை எவ்வளவு யோசித்தது என்பது பதிவாகியிருக்கிறது.

கறுப்பு-வெள்ளையில் மட்டும் தீட்டப்படும் குறைவடிவ (மினிமலிச) ஓவியங்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஓரத்தைப் பற்றித்தான். இவற்றின் முன்னால் நிற்கிறவர்கள் பெரும்பாலும் நடுவில் பார்க்கிறார்கள். நடுவில் ஒன்றும் இல்லை என்று கண்டதும் நகர்ந்துவிடுகிறார்கள். ஓவியர் தன் நேரத்தையெல்லாம் செலவழித்த இடமோ கறுப்பும் வெள்ளையும் தொட்டுக்கொள்ளும் இடம். அங்கிருந்து பார்க்கத் தொடங்கினால் ஒன்றுபோலத் தெரிந்த ஓவியங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மினிமலிசம்’ என்று கலை வரலாறு குறிப்பிடுவது 1960-களில் நியூயார்க்கை மையமாகக் கொண்டு எழுந்த ஒரு போக்கை. மாலேவிச் அதற்கு அரை நூற்றாண்டு முந்தியவர். தன் வழியை அவர் ‘சுப்ரமேட்டிசம்’ என்று அழைத்தார். அமெரிக்க ஓவியர் ஃபிரான்ஸ் கிளைன் போன்றவர்கள் அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிஸ்டுகள், அதாவது உணர்ச்சியை அரூபமாகத் தீட்டியவர்கள். கறாராகப் பார்த்தால் இவர்களை ஒரே கூடையில் போடக் கூடாது. ஆனால் இன்று ‘மினிமலிச அரூப ஓவியம்’ என்று யாராவது சொன்னால் நம் மனதில் எழும் படம் இவர்கள் எல்லோரிடமிருந்தும் வந்தது. அதனால் கூடை கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

1915 டிசம்பரில் பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரில் ‘0,10’ என்ற பெயரில் நடந்த கண்காட்சியில்தான் அந்தச் சதுரம் முதன்முதலாக மக்கள் முன் வந்தது. சுவரில் கண் மட்டத்தில் மாட்டாமல், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரையை ஒட்டி உயரத்தில் மாட்டினார்கள். ரஷ்ய வீடுகளில் புனிதப் படம் வைக்கும் இடம் அது. அந்த இடத்தில் எந்த முகமும் இல்லாத ஒரு கறுப்பை வைத்தது அன்றைக்கு எத்தனை பேரை உலுக்கியிருக்கும் என்பதை இன்று ஊகிப்பதுகூடக் கடினம். மூன்றாண்டு கழித்து, 1918-இல், மாலேவிச் வெள்ளையின் மேல் வெள்ளைச் சதுரம் ஒன்றைச் சாய்த்துத் தீட்டினார். அங்கே இரண்டு வெள்ளைகளையும் பிரிப்பது லேசான நீலச் சாயலும் ஒரு மெல்லிய கோடும் மட்டும்தான். ஓரம் எவ்வளவு மெலிந்தாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

கண் அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரே சீரான பரப்பைப் பற்றி விழித்திரை மூளைக்கு அனுப்பும் செய்தி சொற்பம். வெளிச்சம் மாறும் இடத்தைப் பற்றித்தான் அது உரக்கச் சொல்கிறது. டென்மார்க்கின் உளவியலாளர் எட்கர் ரூபின், ஒரு நேரம் பூச்சாடியாகவும் மறுநேரம் எதிரெதிரே பார்க்கும் இரண்டு முகங்களாகவும் தெரியும் அந்தப் புகழ்பெற்ற படத்தைத் தன் ஆய்வில் வெளியிட்டதும் அதே 1915-இல்தான். இருவருக்கும் ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றே: ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் அருகருகே இருந்தால் எது உருவம், எது பின்னணி? அந்த ஓரக் கோடு யாருக்குச் சொந்தம்? சாடியைப் பார்க்கும்போது கோடு சாடிக்குச் சொந்தம். முகங்களைப் பார்க்கத் தொடங்கிய கணமே அது முகங்களுக்குப் போய்விடுகிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சொந்தமாக அது இருப்பதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரே அளவில் வெட்டிய ஒரு வெள்ளைத் துண்டைக் கறுப்பின் மேலும், கறுப்புத் துண்டை வெள்ளையின் மேலும் வைத்துப் பாருங்கள். வெள்ளைதான் பெரிதாகத் தெரியும். வெளிச்சம் ஓரத்தைத் தாண்டிக் கசிவதுபோல ஒரு தோற்றம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கறுப்பு-வெள்ளையில் வேலை செய்கிற எல்லோரும் கையாலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது: சரிபாதி வேண்டுமென்றால் சரிபாதியாகப் பிரிக்கக் கூடாது, கறுப்புக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தர வேண்டும்.

கறுப்பு என்பதே அக்கம்பக்கத்தைப் பொறுத்த விஷயம். நல்ல வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. சாதாரணக் கறுப்பு 4, 5 சதவீதத்தைத் திருப்பும். வெயிலில் வைத்த கறுப்பு அட்டை, மங்கலான அறையில் இருக்கும் வெள்ளைத் தாளைவிட அதிக ஒளியைக் கண்ணுக்கு அனுப்பக்கூடும். அப்போதும் அதைக் கறுப்பென்றுதான் பார்க்கிறோம், ஏனென்றால் அதன் பக்கத்தில் இருப்பது அதைவிட வெளிச்சமானது. வெள்ளை, வெளிச்சம், வெளி என்ற மூன்று சொற்களும் தமிழில் ஒன்றையொன்று ஒட்டியே ஒலிப்பதை இந்த ஓவியங்களின் முன்னால் நிற்கும்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நமக்கு வெள்ளை ஒரு நிறமாக இருக்கும்போதே இடமாகவும் இருக்கிறது.

இந்த இடத்தில் கிளைனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் ஈகன் கேலரியில் 1950-இல் நடந்த அவருடைய முதல் தனிக் கண்காட்சியில் பெரிய கறுப்பு-வெள்ளை ஓவியங்கள் தொங்கின. அவற்றில் ஒன்றான ‘சீஃப்’, சிறுவயதில் பென்சில்வேனியாவில் பார்த்த ஒரு ரயில் எஞ்சினின் பெயரைத் தாங்கியது. அகலம் ஏறத்தாழ 187 செ.மீ. முதல் பார்வையில், வெள்ளைச் சுவரில் யாரோ ஆவேசமாகக் கறுப்பை வீசியடித்ததுபோல இருக்கும். ஆனால் அவர் சொன்னது வேறு: தான் வெள்ளைக் கேன்வாஸை எடுத்து அதில் கறுப்புக் குறி போடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை, கறுப்பைப் போலவே வெள்ளையையும் தான் தீட்டுவதாகவும் இரண்டும் தனக்குச் சம முக்கியம் என்றும் சொன்னார். அருகில் போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே தெரியும். கறுப்புப் பட்டையின் ஓரத்தை வெள்ளை வந்து வெட்டியிருக்கும். சில இடங்களில் ஈரக் கறுப்பின் மேல் வெள்ளை ஏறி, இரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல் இழை பிறந்திருக்கும். ஒரு பட்டை மெலிந்து நிற்பது கறுப்பைக் குறைவாக இழுத்ததால் என்று நினைப்போம். வெள்ளை இரண்டு பக்கமும் அழுத்தியதால்தான் அது மெலிந்திருக்கும்.

ஆவேசம் என்பதும் பாதி உண்மைதான். பழைய தொலைபேசிப் புத்தகத் தாள்களில் சின்னச் சின்னதாக வரைந்து பார்த்து, பிடித்ததைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குவது அவர் வழக்கம். அச்சடித்த எண்களின் சாம்பல் வரிசைமேல் கறுப்பு மை. அந்தத் தாள்கள் பல இன்றும் இருக்கின்றன. ஒரு தாளில் இரண்டு நொடியில் விழுந்த கோட்டை ஆளுயரக் கேன்வாஸில் மீண்டும் அதே வேகம் தெரிய நிறுத்துவதற்குப் பொறுமை வேண்டும்.

ஜப்பானில் மொரிதா ஷிர்யூ நடத்திய ‘போகுபி’ என்ற எழுத்துக்கலை இதழ், 1951-இல் வந்த தன் முதல் இதழிலேயே கிளைனின் ஓவியத்தை வெளியிட்டது. மை, தூரிகை, வெற்றுத்தாள் என்று நூற்றாண்டுகளாகப் பழகியவர்களுக்கு அவருடைய ஓவியம் உறவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் கிளைன் பின்னாளில் இந்த ஒப்பீட்டிலிருந்து விலகியே நின்றார். கிழக்கத்திய எழுத்துக்கலையில் தாளின் வெண்மை எல்லையற்ற வெளி, தன்னுடைய வெள்ளை தீட்டப்பட்ட வெளி என்பது அவர் காட்டிய வேறுபாடு. இதை வெறும் மறுப்பு என்று பலர் கடந்துபோகிறார்கள். எனக்கு இது மிகத் துல்லியமான பேச்சாகப் படுகிறது. மையில் எழுதுகிறவருக்கு ஓரம் ஒரே ஒரு முறைதான் பிறக்கிறது, ஒரே பக்கத்திலிருந்து. கிளைனுக்கு அது இரண்டு பக்கத்திலிருந்தும் பலமுறை பேரம் பேசி முடிவாவது.

ஃபிராங்க் ஸ்டெல்லாவின் கறுப்பு ஓவியங்களில் பேரமே கிடையாது. 1958 முதல் 1960 வரை அவர் தீட்டிய அந்த வரிசையில், வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்டை, சுவருக்கு அடிக்கும் பிரஷ்ஷால் பட்டை பட்டையாக இழுத்தார். ஒவ்வொரு பட்டையும் சுமார் 6 செ.மீ. அகலம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்க, நடுவே மெல்லிய வெளிர் கோடு ஒன்று ஓடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பின் மேல் வெள்ளைக் கோடுகள் வரைந்திருப்பதாகவே தோன்றும். கிட்டே போனால்தான் அது யாரும் வரையாத கோடு என்று புரியும். பெயின்ட் படாமல் விட்ட கேன்வாஸ் அது. எனாமல் நூலுக்குள் ஊறிப் பரவியதால் ஓரம் மங்கி, கோடு மூச்சுவிடுவதுபோல அகன்றும் ஒடுங்கியும் போகிறது. பென்சில் குறிகூடச் சில இடங்களில் தெரியும். 1959 டிசம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ‘பதினாறு அமெரிக்கர்கள்’ கண்காட்சியில் இவற்றில் நான்கு இடம்பெற்றன. அப்போது அவருக்கு 23 வயது. பார்ப்பது எதுவோ அதுதான் இருக்கிறது என்று அவர் பின்னாளில் சொன்னது எல்லா இடத்திலும் மேற்கோளாகிறது. அந்தச் சொல்லைவிட, அந்த விட்ட கோட்டைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

இங்கே வரலாறு ஒருவரைத் தவறவிட்டதையும் சொல்லியாக வேண்டும். ஹவானாவில் 1915-இல் பிறந்த கார்மென் ஹெரேரா, ஸ்டெல்லாவுக்கு ஆறாண்டு முன்பே, 1952-இல், கறுப்பு-வெள்ளைப் பட்டைகளை மட்டும் வைத்துக் கூர்மையான ஓவியங்களைத் தீட்டியவர். கட்டடக்கலை படித்தவரின் கணக்கு அவற்றில் தெரியும்: ஒரு பகுதியில் ஓடிவரும் பட்டைகள் அடுத்த பகுதியின் எல்லையில் நிறம் மாறும், கறுப்பு நின்ற இடத்தில் வெள்ளை தொடங்கும். ஓரம் ஒன்றுதான், ஆனால் அதன் மேல் காலைவைத்தால் எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாது. அவருடைய முதல் ஓவியம் விற்றது 2004-இல், அவருடைய 89-ஆம் வயதில். 2016-இல் விட்னி அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. 2022-இல் தன் 106-ஆம் வயதில் மறைந்தார். பெண் என்பதாலும் கியூபாவிலிருந்து வந்தவர் என்பதாலும் அரை நூற்றாண்டுக் காலம் கதவுகள் மூடியிருந்தன. இந்த வகை ஓவியத்தின் கதையை ஆண்களின் பெயர்களை மட்டும் வரிசையாக அடுக்கிச் சொல்வது இனியும் நடக்கக் கூடாது.

கூர்மையான ஓரம் எப்படிக் கிடைக்கிறது? மாஸ்கிங் டேப்பால். சிறிய அளவில் வரைகிறவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லலாம். முதன்முறை நான் செய்தது எல்லோரும் செய்யும் தவறு: ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிக் காய்ந்த கேன்வாஸில் டேப்பை ஒட்டினேன், நகத்தால் அழுத்தினேன், நேராகக் கறுப்பு அக்ரிலிக்கைப் பூசினேன். மறுநாள் டேப்பை உரித்தபோது ஓரம் முழுக்கப் பல் முளைத்திருந்தது. கேன்வாஸ் நெசவின் பள்ளங்கள் வழியாகக் கறுப்பு டேப்பின் அடியில் புகுந்து, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சின்ன முள்ளாக வெளியே வந்திருந்தது. வழி எளிது. டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் அடியில் இருக்கும் அதே வெள்ளையைப் பூச வேண்டும். கசிய வேண்டியது வெள்ளையாகவே கசிந்து, வெள்ளைக்குள் மறைந்து, பள்ளங்களை அடைத்துவிடும். அது காய்ந்த பிறகு கறுப்பு. பிறகு கறுப்பு முழுக்க இறுகுவதற்குள் டேப்பைத் தன்மேலேயே மடக்கி, மெதுவாக, ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். அந்த ஓரம் பிளேடால் வெட்டியதுபோல இருக்கும். விரல் நுனியால் தடவினால் ஒரு மெல்லிய மேடு தட்டுப்படும். பக்கவாட்டில் விளக்கு வைத்தால் அந்த மேடு மயிரிழை அளவுக்கு நிழல் விழுத்தும்.

சரியாக வந்த ஓவியத்தையும் பல் முளைத்த ஓவியத்தையும் பல நாள் அருகருகே மாட்டி வைத்திருந்தேன். என் கண் திரும்பத் திரும்பப் போனது கெட்டுப்போனதிடம்தான். அதற்கான காரணம் அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் பற்றிப் படித்தபோது புரிந்தது. மாரடைப்பிலிருந்து மீண்டு, 1958-இல் தொடங்கி 1966 வரை அவர் தீட்டிய, இயேசுவின் இறுதிப் பயணத்தைக் குறிக்கும் ‘சிலுவைப் பாதை’ வரிசையில் 14 ஓவியங்கள். கறுப்பு, வெள்ளை, பெயின்ட் படாத கேன்வாஸின் பழுப்பு ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஆளுயரம். முதல் ஓவியத்தின் வலப்பக்கத்தில், டேப் ஒட்டிய இடத்தின் இருபுறமும் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் கறுப்பைத் தேய்த்துவிட்டு டேப்பை எடுத்திருக்கிறார். நடுவில் வெற்றுக் கேன்வாஸ் செங்குத்துக் கோடாக நிற்கிறது. இருபக்கமும் கறுப்பு சிதறி, இறகுபோலக் கலைந்திருக்கிறது. கசிவை அவர் ஒளிக்கவில்லை, வேண்டிச் செய்தார். அதே ஓவியத்தின் இடப்பக்கத்தில் கறுப்பு திடமாக நிற்கிறது. ஒரே பொருள், ஒரே நிறம், இரண்டு ஓரங்கள். ஒன்று உறுதியாக இருக்கிறது, மற்றது நடுங்குகிறது. அந்த வரிசையின் வலியை எந்த முகமும் இல்லாமல் சுமப்பது அந்த வேறுபாடுதான்.

கறுப்பு என்று ஒற்றைச் சொல்லில் பேசுகிறோம். கடையில் போய்க் கேட்டால் எந்தக் கறுப்பு என்று திருப்பிக் கேட்பார்கள். ஐவரி பிளாக் என்ற பெயரில் இன்று விற்பது தந்தத்திலிருந்து வருவதில்லை. விலங்கு எலும்பைக் காற்றில்லாமல் கருக்கி எடுப்பது. வெள்ளையோடு கலந்தால் லேசான பழுப்புச் சூடு காட்டும், எண்ணெய் வண்ணத்தில் மிக மெதுவாகக் காயும். லாம்ப் பிளாக் விளக்குப் புகைக்கரி. வெள்ளையோடு சேர்ந்தால் நீலம் பக்கம் சாயும். மார்ஸ் பிளாக் இரும்பு ஆக்சைடு. அடர்த்தியானது, சீக்கிரம் காயும். மெதுவாகக் காயும் அடுக்கின் மேல் வேகமாகக் காயும் அடுக்கைப் பூசினால் மேலடுக்கு முதலில் இறுகி, அடியடுக்கு அசைய அசைய வெடித்துவிடும். ‘கறுப்புச் சதுரம்’ போலப் பழைய ஓவியத்தின் மேல் பூசிய கறுப்புகள் வலையாக வெடிப்பதற்கு இதுபோன்ற காரணங்கள்தான்.

வெள்ளைக்கும் இதே கதை. இன்று எல்லோர் மேசையிலும் இருக்கும் டைட்டானியம் ஒயிட் ஓவியர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது 1920-களில்தான். அதற்கு முன் ஈய வெள்ளை, துத்தநாக வெள்ளை. துத்தநாகம் குளிர்ந்த, கொஞ்சம் ஊடுருவித் தெரியும் வெள்ளை. நாளடைவில் நொறுங்கும் குணமுடையது. டைட்டானியம் அடியில் இருப்பதை முழுக்க மறைத்துவிடும். கிளைன் மலிவான கடைப் பெயின்ட்டையே விரும்பிப் பயன்படுத்தியதால் அவருடைய சில வெள்ளைகள் இப்போது மஞ்சள் பாரித்திருக்கின்றன. நாம் பார்க்கும் கறுப்பு-வெள்ளை அவர் பார்த்த கறுப்பு-வெள்ளை இல்லை.

பளபளப்பு இன்னும் பெரிய விஷயம். மேட் கறுப்பு விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடும். வெல்வெட் போல இருக்கும், ஆனால் கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். பளபளக்கும் கறுப்பு சரியான கோணத்தில் கிணறுபோல ஆழமாகத் தெரியும், தவறான கோணத்தில் ஜன்னலைக் காட்டும். ஒரே டப்பாவில் இருந்து எடுத்த கறுப்பின் பாதியில் வார்னிஷ் பூசிப் பாருங்கள். இரண்டு கறுப்புகளுக்கு நடுவே ஒரு ஓரம் பிறக்கும்.

இந்த இரண்டு குணங்களையும் இரண்டு பேர் கடைசிவரை கொண்டுபோனார்கள். அமெரிக்க ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் 1960 முதல் தன் இறுதிக் காலம் வரை ஒரே அளவில், 5 அடிக்கு 5 அடி, கறுப்பு ஓவியங்களை மட்டும் தீட்டினார். ஆளுயரம், விரித்த கைகளின் அகலம் என்பது அவர் சொன்ன கணக்கு. வண்ணத்திலிருந்து எண்ணெயைப் பெரும்பாலும் இறக்கிவிட்டு, பளபளப்பே இல்லாத, தூசிபோல மென்மையான பரப்பை உண்டாக்கினார். முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் அங்கேயே நின்றால் கறுப்புக்குள் கறுப்பு பிரியத் தொடங்கும்: ஒன்று மிக மிக இருண்ட சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. ஒன்பது சதுரங்கள், அவற்றில் கூட்டல் குறிபோல ஒரு வடிவம். கண்ணை வேறு பக்கம் திருப்பி மீண்டும் பார்த்தால் காணாமல் போயிருக்கும்; மறுபடியும் காத்திருக்க வேண்டும். அந்தப் பரப்பில் ஒரு விரல் பட்டால்கூட ரேகை பதிந்துவிடும், துடைக்கவும் முடியாது. சேதமான ஒரு ரைன்ஹார்ட்டை ஆய்வுக்கென்றே எடுத்துக்கொண்டு, அதில் செய்து பார்த்த சோதனைகளை 2008-இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியாகவே வைத்தது.

பிரெஞ்சு ஓவியர் பியர் சூலாஜ் எதிர்த் திசையில் போனார். 1979-இல் ஒரு நாள் மணிக்கணக்காக ஒரு கேன்வாஸோடு போராடி, எல்லாம் கெட்டுப்போயிற்று என்று தூங்கப் போய்விட்டு, எழுந்து வந்து பார்த்தபோது கறுப்பு கேன்வாஸ் முழுவதையும் விழுங்கியிருந்தது. ஆனால் பிரஷ் இழுத்த வரிகளின் மேட்டிலும் பள்ளத்திலும் வெளிச்சம் வெவ்வேறாகத் தெறித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து 2022-இல் தன் 102-ஆம் வயதில் மறையும்வரை அந்த வழியில்தான் சென்றார். ‘கறுப்புக்கு அப்பால்’ என்ற பொருளில் ‘ஊட்ரநுவார்’ என்று பெயர் வைத்தார். அவற்றில் வெள்ளைப் பெயின்ட் ஒரு துளியும் இல்லாத ஓவியங்கள் பல உண்டு. வெள்ளை அறையிலிருந்து வருகிறது. நாம் இடப்பக்கம் ஓரடி நகர்ந்தால் பளிச்சென்றிருந்த பட்டை இருண்டுவிடும், இருண்டிருந்தது பளிச்சிடும். ஓரம் கேன்வாஸில் நிலையாக இல்லை. நம் கால் வைக்கும் இடத்தைப் பொறுத்து நகர்கிறது.

நஸ்ரீன் மொஹமதியை (1937–1990) இந்த வரிசையில் வைப்பதில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். அவர் பெரிதும் செய்தது தாளில் கறுப்பு மையும் பென்சிலும் கொண்டு வரைந்த கோட்டு ஓவியங்கள். கராச்சியில் பிறந்து, லண்டனில் படித்து, பரோடா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். பொறியாளர்களின் வரைகருவிகளை எடுத்துக்கொண்டு, மயிரிழைக் கோடுகளை இடைவெளி மாற்றி மாற்றி அடுக்கினார். கோடுகள் நெருங்கும் இடம் தாழ்கிறது, விலகும் இடம் எழும்புகிறது. தாள் சாய்ந்து காற்றில் மிதப்பதுபோல இருக்கும். கை நடுக்கம் தரும் நரம்பு நோயோடு பல ஆண்டுகள் போராடியவர் அவர். ஆனால் கடைசிக் காலக் கோடுகளும் அதே துல்லியத்தோடு நிற்கின்றன. அவர் மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-இல் நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் கிளையான மெட் பிரோயர் திறக்கப்பட்டபோது அதன் முதல் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. கிளைனுக்கு ஓரத்தை உருவாக்கக் கறுப்புப் பரப்பும் வெள்ளைப் பரப்பும் தேவைப்பட்டன. நஸ்ரீன் பரப்பையே எடுத்துவிட்டு ஓரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

‘இதை என் குழந்தைகூடச் செய்யும்’ என்ற பேச்சுக்கு இப்போது பதில் சொல்லலாம். குழந்தை ஒரு கறுப்புப் பட்டை இழுக்கும், அது அழகாகவும் இருக்கும். அந்தப் பட்டையை எங்கே நிறுத்துவது, இன்னொன்றை எவ்வளவு தள்ளி வைப்பது, நூறு முறை அதே முடிவை எடுத்து ஒவ்வொரு முறையும் அதற்குப் பொறுப்பேற்பது என்பது வேறு வேலை. நிறைய நிறங்களும் உருவங்களும் உள்ள ஓவியத்தில் ஒரு சறுக்கலை இன்னொன்று மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை. அதே சமயம், இந்தக் கேள்வியைக் கேட்பவரை ரசனை இல்லாதவர் என்று தள்ளிவிடுவதும் தவறு. அவர் பார்த்தது பெரும்பாலும் அச்சுப்படமோ, சோபாவுக்குப் பொருத்தமாக விற்கும் அலங்காரப் படமோதான். அந்த அலங்காரப் படங்கள் இந்த ஓவியங்களின் வெளிக்கோட்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. பரப்பு இல்லை, அளவு இல்லை, கசிவு இல்லை. அவற்றைப் பார்த்து ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் சரியாகத்தான் சொல்கிறார்.

கறுப்பு-வெள்ளை என்றால் படம் எடுப்பது சுலபம் என்று தோன்றும். நேர் எதிர். கேமரா தன் போக்கில் விட்டால் முழுக் கறுப்பையும் சாம்பலாக்கும், முழு வெள்ளையையும் சாம்பலாக்கும். ரைன்ஹார்ட்டின் சிவப்புக் கறுப்பும் பச்சைக் கறுப்பும் திரையில் ஒரே சேறாகிவிடும். பிரித்துக் காட்ட வெளிச்சத்தைக் கூட்டினால் அது வேறு ஓவியமாகிவிடும். இந்த வகை ஓவியத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். முதலில் தூரத்தில் நில்லுங்கள். பிறகு காவலர் அனுமதிக்கும் எல்லைவரை நெருங்குங்கள். பிறகு பக்கவாட்டில் போய், கேன்வாஸ் சட்டத்தின் மேல் மடங்கும் இடத்தைப் பாருங்கள். பெயின்ட் அங்கே நின்றுவிட்டதா, சுற்றிக்கொண்டு போகிறதா என்று.

அந்தப் பக்கவாட்டு ஓரத்தை யாரையும்விட அதிகம் பார்த்தவர் ராபர்ட் ரைமன். சாக்ஸபோன் வாசிக்க நியூயார்க்குக்கு வந்து, 1953 முதல் 1960 வரை நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காவலராக நின்றவர். நாள் முழுக்க ஓவியங்களோடு ஒரே அறையில் இருக்கும் வேலை அது. அந்த நாட்களிலேயே தானும் தீட்டத் தொடங்கி, 2019-இல் மறையும்வரை பெரும்பாலும் சதுரமான, பெரும்பாலும் வெள்ளையான ஓவியங்களைச் செய்தார். லினன், அலுமினியம், தாள், ஃபைபர்கிளாஸ். எண்ணெய், எனாமல், அக்ரிலிக். எதைத் தீட்டுவது என்ற கேள்வி அவருக்கு இல்லை, எப்படித் தீட்டுவது என்பது மட்டும்தான். 1970-களின் நடுவில் ஓவியத்தைச் சுவரில் பிடிக்கும் உலோகப் பட்டைகளையும் திருகுகளையும் மறைக்காமல் முன்பக்கம் தெரியவே வைத்தார். வெள்ளைச் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம், அதைப் பிடித்திருக்கும் நான்கு உலோகத் துண்டுகள். கறுப்பு எங்கே என்று தேடினால், ஓவியத்துக்கும் சுவருக்கும் இடையில், கீழ் விளிம்பை ஒட்டி, விரல் அகலத்துக்கு ஒரு நிழல் விழுந்திருக்கும்.